இரண்டு, மூன்று, நான்கெழுத்து டொமைன்கள்: மறுவிற்பனை விலையைக் கணக்கு வைப்பது எப்படி

2010-ல் எஃப்பி டாட் காம் என்ற டொமைனை, அதாவது இணையதள முகவரிப் பெயரை, ஃபேஸ்புக் 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014-ல் இசட் டாட் காமை நிசானிடமிருந்து ஜப்பானின் ஜிஎம்ஓ இன்டர்நெட் 80 கோடி யென்னுக்கு வாங்கியது. 2015-ல் 360 டாட் காமுக்குச் சீனாவின் கீஹூ 1.7 கோடி டாலர் கொடுத்தது. நான்கெழுத்துப் பெயர் ஒன்றை விற்கவோ வாங்கவோ நினைப்பவருக்கு இந்த மூன்று செய்தியாலும் பயன் ஏதுமில்லை. அதே வகைப் பெயர்கள் போன மாதம் ஏலத்தில் என்ன விலைக்குப் போயின, அதற்கு முந்தைய மாதம் என்ன விலைக்குப் போயின என்பதுதான் அவருக்கு வேண்டும். அதை யாரும் தட்டில் வைத்துத் தருவதில்லை. எக்செல் போன்ற ஒரு ஷீட் போட்டு நாமே எழுதி வர வேண்டும்.

வகை பிரிப்பதுதான் பாதி வேலை

குட்டிப் பெயருக்குத் தனி விலை என்று பெரும்பாலும் கிடையாது. அது சேர்ந்த வகைக்குத்தான் விலை. ஒவ்வொரு வகையிலும் எத்தனை பெயர் இருக்க முடியும் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். இரண்டெழுத்து டாட் காம் 676. மூன்றெழுத்து 17,576. நான்கெழுத்து 4,56,976. எண் மட்டும் என்றால் இரண்டிலக்கம் 100, மூன்றிலக்கம் 1,000, நான்கிலக்கம் 10,000, ஐந்திலக்கம் 1,00,000. எழுத்தும் எண்ணும் கலந்த மூன்று குறிப் பெயர்கள் 28,080. சந்தையில் இவற்றை 3எல், 4எல் என்றும், எண்பெயர்களை 4என், 5என் என்றும் சுருக்கிச் சொல்வார்கள். நான்கெழுத்து டாட் காம் அத்தனையும் 2007-லேயே பதிவாகிவிட்டது. ஆகவே புதிதாகப் பதிவு செய்து பெறலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இருப்பவரிடம்தான் வாங்க வேண்டும்.

ஆனால் ‘நான்கெழுத்து’ என்ற ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டால் கணக்கு கெட்டுவிடும். குறைந்தது நான்கு உட்பிரிவு வையுங்கள்:

1. அகராதியில் உள்ள சொல்.
2. வாயில் நுழைவது. மெய், உயிர், மெய், உயிர் என்று மாறி வரும் அமைப்பு. ஒய்யை மெய்யாகக் கொண்டால் இதில் 11,025 பெயர்கள் உண்டு.
3. சீன வாங்குபவர் விரும்பும் எழுத்துகளால் ஆனது. ஏ, ஈ, ஐ, ஓ, யு, வி ஆகிய ஆறும் இல்லாத 20 எழுத்துகள். நான்கெழுத்தில் 1,60,000 பெயர்கள்.
4. மிச்சம்.

அந்த ஆறு எழுத்துகளை ஒதுக்குவதில் காரணம் இருக்கிறது. சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் வி பயன்படுவதில்லை. எந்த அசையும் ஐ, யு எழுத்துகளில் தொடங்காது. மற்ற மூன்றில் தொடங்குபவை சொற்பம். அசைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் அங்கே சுருக்கப்பெயர் வைக்கிறார்கள் என்பதால், ஐயும் யுவும் கலந்த பெயர் அவர்களுக்கு எதையும் குறிக்காது. எண்பெயர்களிலும் இதே போக்குதான். 4 சாவைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருப்பதால் விலை இறங்கும். 8 இருந்தால் ஏறும். ஷீட்டில் ‘4 உண்டா’ என்று ஒரு நெடுவரிசையே வைக்கலாம்.

ஒரு பெயர் இரண்டு பிரிவில் விழுந்தால் மேலே உள்ள வரிசைப்படி முதலில் பொருந்துவதில் போடுங்கள். இந்த விதியை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். இடையில் மாற்றினால் பழைய வரிகளையெல்லாம் திரும்பத் திருத்த வேண்டிவரும்.

தரவு எங்கே கிடைக்கும்

முதல் இடம் நேம்பயோ, நடந்த டொமைன் விற்பனைகளைத் தொகுத்து வைக்கும் தளம். ஈறு (டாட் காம், டாட் இன் போன்ற கடைசிப் பகுதி), நீளம், தேதி, விற்ற தளம் என்று வடிகட்டிப் பார்க்கலாம். ஒரே பெயர் முன்பு விற்ற விலையும் தெரியும். அதில் 100 டாலருக்குக் கீழான விற்பனைகள் காட்டப்படுவதில்லை என்பதைக் கவனத்தில் வையுங்கள். மூன்றெழுத்து டாட் காமுக்கு இது பொருட்டே அல்ல, அவை ஐந்திலக்க டாலரில் போகிறவை. 80, 90, 120 டாலருக்குப் போகும் மலிவான வகைகளிலோ அடிப்பகுதி முழுக்க வெட்டுப்பட்டு, மீதி மட்டும் கண்ணில் படும். அந்த வகையின் விலை உள்ளதைவிட உயர்வாகத் தெரியும். சந்தை இறங்கும்போது இன்னும் மோசம்: விழுந்த பெயர்கள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுவதால், சராசரி அசையாமல் நிற்பது போல் தோன்றும். மலிவான வகைகளுக்கு விலையோடு எண்ணிக்கையையும் சேர்த்தே பாருங்கள்.

ரான் ஜாக்சன் நடத்தும் டிஎன்ஜர்னல் என்ற இணைய இதழ் பெரிய விற்பனைகளைப் பட்டியலிடுகிறது. இரண்டெழுத்து, மூன்றெழுத்துக்கு உதவும். அதற்குக் கீழே போகாது.

மற்றபடி ஏலத் தளங்கள்: கோடாடி ஆக்‌ஷன்ஸ், நேம்ஜெட், ஸ்னாப்நேம்ஸ், ட்ராப்கேட்ச், டைனாடாட், சேடோ. இவற்றில் கணக்கு தொடங்கி, உங்கள் வகைப் பெயர்களை வாட்ச்லிஸ்டில் போட்டு, ஏலம் முடிந்ததும் விலையையும் ஏலம் கேட்டவர் எண்ணிக்கையையும் உடனே எழுதுங்கள். முடிந்த ஏலங்களைத் தளங்கள் நெடுநாள் காட்டி வைப்பதில்லை. சீன எழுத்து வகையில் ஆர்வம் உள்ளவர்கள் ஈநேம், ஜூமிங் போன்ற சீனத் தளங்களையும் பார்க்க வேண்டும். அங்கே விலை யுவானில்.

புதுப்பிக்கப்படாத பெயர்களின் வழியும் தெரிந்திருக்கட்டும். டாட் காம் காலாவதியான பின் 45 நாள் வரை ரெஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) கையில் இருக்கலாம். பிறகு 30 நாள் மீட்புக்காலம். அதன்பின் 5 நாளில் அழிப்பு. நல்ல குட்டிப் பெயர் கடைசிக் கட்டம் வரை வருவது அரிது. அந்த 45 நாளுக்குள்ளேயே ரெஜிஸ்ட்ரார் அதை ஏலத்துக்கு விட்டுவிடும். வியாபாரிகளுக்குள் போகும் மொத்த விலையின் நேர்மையான அளவுகோல் இந்தக் காலாவதி ஏலங்கள்தான். விற்பவர் பேரம் இல்லை, ரிசர்வ் விலை (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற வரம்பு) இல்லை, கேட்பவர்களில் பெரும்பாலோர் வியாபாரிகள்.

ஷீட்டில் என்னென்ன நெடுவரிசை

தேதி, பெயர், ஈறு, வகை, உட்பிரிவு, விலை, அந்த நாளின் டாலர் மதிப்பு, தளம், விற்பனை முறை (காலாவதி ஏலம், உரிமையாளர் ஏலம், நேரடி விற்பனை), ஏலம் கேட்டவர் எண்ணிக்கை, ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம், குறிப்பு. இவ்வளவு போதும். எல்லா விலையையும் டாலரில் வையுங்கள். ரூபாயில் மாற்றி எழுதினால் டொமைன் விலை ஏறியதா, ரூபாய் இறங்கியதா என்று பிரித்தறிய முடியாது.

நீளத்தை ஃபார்முலாவால் எண்ணுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ், சீனம் போன்ற எழுத்துகளில் உள்ள பெயர்கள் உள்ளே எக்ஸ்என் என்று தொடங்கும் நீண்ட குறியீடாகவே சேமிக்கப்படுகின்றன. திரையில் மூன்றெழுத்தாகத் தெரிவது தரவில் பத்துக்கு மேல் போகும். இத்தகைய பெயர்களைத் தனித் தாளில் போடுங்கள்.

இரண்டு விலை, இரண்டு சந்தை

வியாபாரி வியாபாரியிடம் வாங்கும் மொத்த விலை வேறு. ஒரு நிறுவனம் தன் பெயருக்காக வாங்கும் சில்லறை விலை வேறு. ஒரே நான்கெழுத்துப் பெயர் ஏலத்தில் சில நூறு டாலருக்குப் போய், பிறகு அந்த எழுத்துகளைச் சுருக்கப்பெயராக வைத்திருக்கும் கம்பெனிக்குப் பல ஆயிரத்துக்குப் போகலாம். இரண்டும் உண்மையான விலைகளே. ஒரே நெடுவரிசையில் கூட்டினால்தான் பொய்யாகும். விற்பனை முறை என்ற நெடுவரிசை இதற்காகத்தான்: போக்கைக் காலாவதி ஏலங்களிலிருந்து மட்டும் கணக்கிடுங்கள்.

சில்லறை விற்பனைகளில் பெரும்பகுதி வெளியே வருவதே இல்லை. ரகசிய ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். கேட்கும் விலையை எக்காரணம் கொண்டும் ஷீட்டில் ஏற்றாதீர்கள். விற்பனைப் பக்கத்தில் 50,000 டாலர் என்று எழுதி வைக்க யாருக்கும் செலவில்லை. எஸ்டிபாட், கோடாடி போன்றவற்றின் தானியங்கி மதிப்பீடும் சொல்லல்லாத எழுத்துக் கூட்டங்களில் பலவீனமானது. தேடல் எண்ணிக்கை, சொற்பொருள் போன்ற தடயங்களை வைத்து மதிப்பிடும் முறைக்கு, பொருளில்லாத நான்கு எழுத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கூட்டிச் சராசரி வேண்டாம், இடைநிலை போதும்

எடுத்துக்காட்டாக ஒரு வாரத்தில் ஒன்பது விற்பனை என்று வையுங்கள்: 210, 225, 240, 250, 260, 275, 310, 340, 4,800 டாலர். கூட்டி வகுத்தால் 768 வரும். அந்த விலைக்கு அங்கே ஒரு பெயரும் விற்கவில்லை. வரிசையின் நடுவில் இருப்பது, அதாவது இடைநிலை (மீடியன்), 260. அதுதான் வகையின் விலை. மீடியன் ஃபார்முலாவை ஃபில்டரோடு சேர்த்து, உட்பிரிவு வாரியாக ஓட விடுங்கள். கூடவே கீழ்க் கால்பகுதியின் எல்லையையும், அதாவது விலைகளை ஏறுவரிசையில் அடுக்கினால் முதல் கால் பங்கு முடியும் இடத்தையும், எடுங்கள். நீங்கள் அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால் கிடைக்கக்கூடியது ஏறக்குறைய அதுதான்.

கால அளவு வகைக்கேற்ப மாற வேண்டும். நான்கெழுத்து டாட் காம் அடிக்கடி விற்பதால் மாதக் கணக்கு தாங்கும். மூன்றெழுத்துக்குக் காலாண்டு. இரண்டெழுத்துக்கு இடைநிலை எடுப்பதே வீண். ஒவ்வொரு விற்பனையையும் தனியாகப் படிக்க வேண்டும். எதுவானாலும் பத்துக்குக் குறைவான விற்பனையை வைத்து ‘ஏறுமுகம்’ என்று சொல்லாதீர்கள்.

இடைநிலையும் ஏமாற்றும் ஓர் இடம் உண்டு. இந்த மாதம் வாயில் நுழையும் பெயர்கள் அதிகமாக ஏலத்துக்கு வந்தால், எந்தப் பெயரின் விலையும் மாறாமலே மொத்த இடைநிலை ஏறிவிடும். இதற்கு மருந்து, ஒரே பெயர் இரண்டு முறை விற்ற சோடிகளைப் பிடிப்பது. 2019-ல் 1,500 டாலருக்கும் 2024-ல் 2,100 டாலருக்கும் போன பெயர் என்று வையுங்கள். ஐந்தாண்டில் 40 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம் என்று காகிதத்தில் அழகாக இருக்கும். விற்ற தளத்தின் கமிஷன் 15 சதவீதத்தையும், ஆண்டுக்கு 11 டாலர் வீதம் ஐந்தாண்டுப் புதுப்பிப்பையும் கழியுங்கள். கைக்கு வருவது 1,730. ஆண்டுக்கு 3 சதவீதம்கூட இல்லை. இப்படி முப்பது நாற்பது சோடி சேர்ந்தால் போக்கு தானே தெரியும்.

எங்கெல்லாம் கணக்கு தவறும்

ஏலத்தில் வென்றவர் பணம் கட்டாமல் போவது சாதாரணம். சில வாரத்தில் அதே பெயர் மறுபடி ஏலத்துக்கு வந்தால் முதல் வரியை நீக்கிவிடுங்கள், இரண்டையும் வைக்காதீர்கள். புது விற்பனையை ஏற்றிய கையோடு ‘உறுதி’ என்று எழுத வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் பெயர் கைமாறியதா என்று, பதிவு விவரங்களைக் காட்டும் ஆர்டாப் தேடலில் பாருங்கள். 2018-ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த பிறகு உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைந்திருக்கும். ஆனால் ரெஜிஸ்ட்ரார், நேம்சர்வர் (பெயரை இணையதளத்தோடு இணைக்கும் சர்வர்), கடைசியாகத் திருத்திய தேதி ஆகியவை தெரியும். மூன்றும் அசையாமல் இருந்தால் சந்தேகக் குறி போடுங்கள்.

பக்கத்து விலையைவிட மிகக் குறைந்து போன மூன்றெழுத்துப் பெயர் திருட்டுப் பெயராகவும் இருக்கலாம். இந்த வகையில் திருட்டு நடப்பதுண்டு. பிரபல பிராண்டின் எழுத்துகளாக இருந்தால் யுடிஆர்பி வழக்கு (பிராண்ட் உரிமையாளர் டொமைனைக் கேட்டுத் தொடுக்கும் வழக்கு) பயத்திலும் விலை சரியும். உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் தளத்தில் தீர்ப்புகளைப் பெயர் போட்டுத் தேடலாம். இவை இரண்டையும் இடைநிலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

டாட் காமுக்கு வெளியே போனால் புதுப்பிப்புக் கட்டண நெடுவரிசை உயிர்நாடி. புதிய ஈறுகள் பலவற்றில் குட்டிப் பெயருக்கு மட்டும் ஆண்டுக் கட்டணம் நூறு, ஆயிரம் டாலர் என்று வைத்திருப்பார்கள். சாதாரணக் கட்டணம் உள்ள பெயரின் விலையை அதனோடு ஒப்பிடவே முடியாது. கரீபியன் தீவான அங்குயிலாவின் டாட் ஏஐ குறைந்தது இரண்டாண்டுக்குச் சேர்த்துத்தான் கிடைக்கும். டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு உரியது. அந்தத் தீவுகளை மொரீஷியஸுக்குத் தருவதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்ததால் இந்த ஈறு நீடிக்குமா என்ற சந்தேகம் எழுந்தது; அதற்கு முன்னும் பின்னுமான விலைகளைத் தனியாகப் பாருங்கள். நம் டாட் இன்-ல் வெளியே தெரியும் விற்பனை குறைவு. ஆண்டுக்கணக்கில் சேர்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

திசை மாறுவதை எப்படி அறிவது

2015 கடைசியில் சீனப் பணம் பாய்ந்தபோது மேலே சொன்ன 20 எழுத்து நான்கெழுத்துப் பெயர்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறின, 2016-ல் சரிந்தன. அப்போது தெரிந்த அறிகுறிகள் இன்றும் செல்லும். எழுத்து நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் வகை முழுவதும் ஒரே விலைக்கு நகர்ந்தால் வாங்குவது நிறுவனங்கள் அல்ல, ஊக வணிகர்கள். அடுத்து, விலைக்கு முன்பே எண்ணிக்கை பேசும்: ஏலம் கேட்பவர் எண்ணிக்கை குறையும், ரிசர்வ் எட்டாத உரிமையாளர் ஏலங்கள் கூடும், இடைநிலை மட்டும் இரண்டு மூன்று மாதம் அதே இடத்தில் நிற்கும். விற்பவர்கள் இறங்கி வர மனமில்லாமல் காத்திருக்கும் காலம் அது. பிறகு ஓராண்டில் புதுப்பிப்புத் தேதி வரும். ஆயிரம் பெயர் வாங்கியவருக்கு அது ஐந்திலக்க டாலர் பில். கட்ட முடியாதவை காலாவதி ஏலத்துக்கு மொத்தமாக வந்து விழும். வாரத்துக்கு எத்தனை நான்கெழுத்துப் பெயர் காலாவதி ஏலத்தில் இருக்கிறது என்ற ஒற்றை எண்ணை எழுதி வந்தாலே இந்த அலை தெரிந்துவிடும்.

செலவுப் பக்கத்தையும் பாருங்கள். டாட் காமை நிர்வகிக்கும் வெரிசைன், ஒரு பெயருக்கு ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் ஆண்டு மொத்தவிலைக் கட்டணம் 2021 செப்டம்பருக்கு முன் 7.85 டாலராக இருந்தது; 2024 செப்டம்பரில் 10.26 ஆயிற்று. 200 டாலர் பெயருக்கு இந்த ஏற்றம் சுமை, 30,000 டாலர் பெயருக்குத் தூசு. கட்டணம் கூடும் ஆண்டுகளில் மலிவு வகையிலிருந்து எத்தனை கைவிடப்படுகின்றன என்று பாருங்கள்.

உங்கள் பெயருக்கு விலை வைக்க

உட்பிரிவின் கடைசி 90 நாள் இடைநிலையை எடுங்கள். அதுவே மொத்த விலை. டாட்டிபி தளத்தில் அதே எழுத்துகள் வேறு எத்தனை ஈறுகளில் பதிவாகியுள்ளன, அவற்றில் எத்தனையில் உண்மையான நிறுவனத் தளம் ஓடுகிறது என்று எண்ணுங்கள். ஓடும் தளம் ஒன்றிரண்டுதான் என்றால் வியாபாரியிடம்தான் விற்க முடியும். கீழ்க் கால்பகுதிக்கும் இடைநிலைக்கும் நடுவே விலை சொல்லுங்கள். பத்து இருபது நிறுவனங்கள் இருந்தால் சில்லறை விலை சொல்லிக் காத்திருக்கலாம், ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டு. எப்படி விற்றாலும் பணத்தை எஸ்க்ரோ (பெயர் கைமாறும்வரை பணத்தை வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு) வழியாகவே வாங்குங்கள். பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றி 60 நாள் ஆகவில்லை என்றால் அடுத்த மாற்றம் பூட்டியிருக்கலாம், அதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.