வீட்டுக் கணினியிலிருந்து ஸ்பேம் போகிறதா? காவலைக் குலைக்கும் ட்ரோஜனைக் கண்டுபிடித்து நீக்கும் முறை

காரைக்குடியில் எங்கள் தெருவில் கைமுறுக்கும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் செய்து பினாங்கு, சிங்கப்பூர் வரை அனுப்பிவைக்கும் ஓர் ஆச்சியின் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் காலையில் அவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, பினாங்கிலேருந்து கூப்பிட்டு, பலகாரக் கடையை மூடிட்டு மருந்துக் கடை எப்ப தொறந்தீகன்னு கேக்குறாக" என்றார். போய்ப் பார்த்தபோது, பட்டாலையில் பழைய கணக்குப்பிள்ளை மேசைமேல் இருந்த அந்தக் கணினியின் உள்பெட்டியில், முகவரி சேரவில்லை என்று திரும்பி வந்த கடிதங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்தன. அனுப்பிய அஞ்சல்கள் பகுதியிலோ அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

இதைச் சரிசெய்ய எனக்கு நான்கு நாள்கள் ஆயின. வேலை கடினமாக இருந்ததனால் அல்ல, செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததனால்தான் மூன்று நாள்கள் வீணாயின. ஆகவே சரியான வரிசையை இங்கே எழுதிவைக்கிறேன். கணினியில் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11 என்றும், நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நீங்கள் நுழைந்திருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

ட்ரோஜன் செய்வது என்ன?

வைரஸ் தானாகப் பரவும், ட்ரோஜன் அப்படிப் பரவுவதில்லை. பயனுள்ள மென்பொருளாக வேடமிட்டு வந்து, நம் கையாலேயே உள்ளே அழைக்கப்படுகிறது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்குமல்லவா? முகப்பில் மரியாதையாக வரவேற்கப்பட்டு வளவைக் கடந்து சென்று, பின்தெருக் கதவின் தாழ்ப்பாளை ஓசையின்றி நீக்கிவைக்கும் விருந்தாளி என்று அதைச் சொல்லலாம். அது முதலில் காவலைக் குலைக்கிறது. அதாவது ஆன்டிவைரஸை அணைக்கிறது அல்லது அதன் கண்ணில் படாத இடத்தைத் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது, விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துகிறது, ஃபயர்வாலில் தனக்கு வழி விடச் செய்கிறது. அதன் பிறகுதான் வெளியிலுள்ள கட்டளைச் சர்வரைத் தொடர்புகொண்டு, யாருக்கு என்ன அனுப்ப வேண்டும் என்ற பட்டியலை வாங்குகிறது.

பலகாரக் கடைக் கணினி அவர்களுக்கு எதற்கு என்று ஆச்சி கேட்டார். ஒரே சர்வரிலிருந்து இலட்சக்கணக்கில் ஸ்பேம், அதாவது கேட்காமலே வரும் விளம்பர அஞ்சல், அனுப்பினால் அதை எளிதாகத் தடுத்துவிடலாம். ஆயிரக்கணக்கான வீட்டுக் கணினிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால் தடுப்பது கடினம். ஆனால் அத்தனை கணினிகளுக்கும் கட்டளை சில இடங்களிலிருந்தே வருகிறது. 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் மெக்கோலோ என்ற நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்தவுடன் உலகின் ஸ்பேம் அளவு பாதிக்கும் மேல் குறைந்தது, ஏனெனில் பல ஸ்பேம் வலையமைப்புகளின் கட்டளைச் சர்வர்கள் அங்கேதான் இருந்தன. ரஸ்டாக் என்ற வலையமைப்பு 2011 மார்ச்சில் முடக்கப்பட்டது. 2014இல் தலைகாட்டிய எமோடெட் என்ற ட்ரோஜனின் வலையமைப்பை 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து முடக்கின. அது அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் எழுந்துவிட்டது.

படி 1: அஞ்சல் உண்மையில் இந்தக் கணினியிலிருந்துதான் போகிறதா?

இணைய இணைப்பு இருக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து, நெட்ஸ்டாட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோட்டையடுத்து ஏ, என், ஓ ஆகிய மூன்று எழுத்துகளையும் சேர்த்து என்டர் அழுத்துங்கள். வெளி முகவரி என்ற பத்தியில், முக்காற்புள்ளிக்குப் பின் வரும் எண்ணை மட்டும் கவனியுங்கள். வலைத்தளம் பார்த்தால் 443 வரும். அவுட்லுக் போன்ற அஞ்சல் மென்பொருள் இருந்தால் 587, 465, 993 வரலாம். 25 என்பது அஞ்சல் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாயில் (போர்ட்). வீட்டுக் கணினி ஒன்று பல வேறு முகவரிகளின் 25ஆம் வாயிலைத் தட்டிக்கொண்டிருக்க நியாயமான காரணம் எதுவும் இல்லை.

ஆச்சியின் கணினியில் அப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் ஓடின. இணைப்பைத் திறந்த நிரலைக் குறிக்கும் எண் வரியின் கடைசியில் வரும்; எல்லா வரிகளிலும் அது ஒன்றாகவே இருந்தது. அந்த எண்ணை டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பகுதியில் தேடியபோது, எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் வந்தது. அது விண்டோஸின் சொந்த நிரலின் பெயர்தான். ஆனால் அதன்மேல் வலப்பக்கம் சொடுக்கி, கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தபோது, அது இருக்க வேண்டிய சிஸ்டம்32 கோப்புறை திறக்கவில்லை. ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் என்ற கோப்புறை திறந்தது. பெயர் அசல், குடியிருப்பு போலி.

நெட்ஸ்டாட்டின் வரிகள் கண்ணைக் கட்டுகின்றன என்பவர்கள், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள டிசிபிவியூவைப் பயன்படுத்தலாம். நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். இணைப்புகள் தோன்றுவதும் மறைவதும் நிறம் மாறித் தெரிவதால், பக்கத்தில் நிற்கும் ஆச்சிக்கும் புரிகிறது.

படி 2: இணைப்பைத் துண்டியுங்கள்

வலைக் கம்பியைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

படி 3: காவலனைச் சோதியுங்கள்

நான் இடறி விழுந்த இடம் இது, பொறுமையாகப் படியுங்கள்.

முதல் நாளே நான் விண்டோஸின் டிஃபெண்டரில் முழு ஸ்கேன் போட்டேன். ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, அச்சுறுத்தல் எதுவும் இல்லை என்று பச்சைக் குறி காட்டியது. அதை நம்பி, கோளாறு மின்னஞ்சல் கணக்கில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, இரண்டு நாள்கள் அங்கேயே துழாவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இரவில்தான் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைத் திறந்து பார்க்கத் தோன்றியது.

அங்கே போகும் வழி: விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷனுக்குள் மேனேஜ் செட்டிங்ஸ் என்பதைச் சொடுக்கி, பக்கத்தின் அடிப்பகுதி வரை இறங்கினால், எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற தலைப்பின் கீழ் பட்டியலைத் திறக்கும் இணைப்பு இருக்கும். எந்தக் கோப்புறைகளை ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று டிஃபெண்டருக்குச் சொல்லிவைக்கும் பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கணினியில் அது வெறுமையாகவே இருக்கும். ஆச்சியின் கணினியில் சி டிரைவ் முழுவதும் அதில் இடம்பெற்றிருந்தது. அதாவது வீட்டைச் சுற்றிக் காவல் பார்த்துவிட்டு வா, ஆனால் வீட்டுக்குள் மட்டும் போகாதே என்று காவலனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவனும் ஒன்றரை மணி நேரம் வேலியை மட்டும் சுற்றி வந்து, திருடன் இல்லை என்று எனக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறான்.

இப்படி எழுதிவைக்க நிர்வாகி உரிமை வேண்டும். அந்த உரிமையைக் கொடுத்தது யார் என்று தேடியதில், அது நான்தான் என்று தெரிந்தது. பலகாரப் பொட்டலங்களுக்கு லேபிள் அச்சிட, காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருளின் பூட்டு உடைத்த பிரதியை நானே இறக்கி நிறுவியிருந்தேன். "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்று அதனுடன் வந்த குறிப்பில் எழுதியிருந்தது, அணைத்தேன். மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். லேபிள்கள் அழகாகத்தான் வந்தன.

பட்டியலில் நீங்கள் அறிந்து சேர்க்காதது எது இருந்தாலும் நீக்கிவிடுங்கள். நீக்க முடியாமல், இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார் என்ற செய்தி வந்தால், அதுவே ஓர் அடையாளம். நிறுவனக் கணினியில் அப்படி வருவது இயல்பு, வீட்டுக் கணினியில் உங்களைத் தவிர வேறு நிர்வாகி யார்? அப்போது, விண்டோஸின் அமைப்புகளைத் திருத்த உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர் என்று வரிசையாகத் திறந்து, அங்கே எழுதப்பட்டுள்ளவற்றை முதலில் ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு, பிறகு நீக்குங்கள். அதே சூட்டோடு டேம்பர் புரொடெக்ஷன், ரியல் டைம் புரொடெக்ஷன், ஃபயர்வால் ஆகிய மூன்றும் இயங்குகின்றனவா என்றும், விண்டோஸ் அப்டேட் நிறுத்தப்படாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 4: விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஸ்கேன்

ஸ்கேனுக்கு முன் டிஃபெண்டரின் வைரஸ் அடையாளப் பட்டியலைப் புதுப்பிக்க ஐந்து நிமிடம் இணையம் தேவைப்படும். அதற்குமுன் விண்டோஸ் ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்பில், வெளிச்செல்லும் விதி ஒன்றை உருவாக்கி, தொலைவிலுள்ள 25ஆம் வாயிலுக்கான டிசிபி இணைப்பை முழுவதுமாகத் தடுத்துவிடுங்கள். ஜிமெயில் பயன்படுத்துவோருக்கு இந்த விதியால் ஓர் இடைஞ்சலும் வராது. நான் அதை இன்றுவரை நீக்கவில்லை.

பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுவதும் ஏறுவதற்கு முன்பே ஸ்கேன் தொடங்கும். ட்ரோஜன் விழித்துக்கொண்டு தன்னை மறைக்க வாய்ப்பிராது. சுமார் பதினைந்து நிமிடங்களில் முடியும். முடிவைப் புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் காணலாம். இரண்டாம் கருத்துக்கு மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு எனக்குப் பிடிக்கும். எக்காலத்திலும் இயங்கும் ஆன்டிவைரஸ்கள் இரண்டை ஒரே கணினியில் வைக்காதீர்கள். கணினியைச் சுத்தமாக்கி வேகப்படுத்துவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

படி 5: மீண்டும் எழுப்பும் கயிறுகள்

கோப்பை அழித்தாலும், கணினி தொடங்கும்போதெல்லாம் அதை மீண்டும் இறக்கிக்கொள்ள ஒரு கட்டளை எங்கேனும் ஒளிந்திருக்கக்கூடும். சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸை நிர்வாகியாகத் திறந்து, மைக்ரோசாஃப்ட் உள்ளீடுகளை மறைக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால், பட்டியல் கைக்கு அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிடும். லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் ஆகிய இரண்டு பகுதிகளில்தான் பெரும்பாலும் அகப்படும். ஐயமுள்ளதை உடனே அழிக்காமல் குறியை மட்டும் எடுத்துவிட்டு, கணினியை அணைத்து எழுப்பிப் பாருங்கள். பிரிண்டர் வேலை செய்யவில்லையென்றால் குறியைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இங்கே, மணிக்கு ஒருமுறை ரோமிங் கோப்புறையிலுள்ள அதே கோப்பை எழுப்பும் பணி ஒன்று அகப்பட்டது.

நிர்வாகி உரிமை பெற்ற ட்ரோஜன் வேறென்ன செய்துவைத்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை என்பதால், வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல், படங்கள் ஆகியவற்றை மட்டும் பிரதியெடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை விண்டோஸை முழுவதும் புதிதாக நிறுவினேன். உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், நிறுவுவதானால் 11ஐயே நிறுவுங்கள்.

படி 6: கடவுச்சொல்லை இப்போதுதான் மாற்ற வேண்டும்

நான் முதல் நாளே, அதுவும் அதே கணினியிலிருந்தே மாற்றினேன். மறுநாள் காலையில், புதிய கடவுச்சொல்லைக் கொண்டே யாரோ வெளிநாட்டிலிருந்து அஞ்சல் கணக்கில் நுழைந்திருந்தார். தட்டுவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவன் எதிரில் புதுப்பூட்டின் எண்ணைச் சொன்னது போலாயிற்று. கைப்பேசி போன்ற வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்; எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள்; இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். உலாவியில் சேமித்துவைத்த கடவுச்சொற்கள் அனைத்தும் களவு போனதாகவே கருதி, வங்கிக் கணக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அஞ்சல் கணக்கின் அமைப்பில், வரும் கடிதங்களை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதேனும் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

படி 7: கறுப்புப் பட்டியல்

கணினி சுத்தமான பிறகும் சிங்கப்பூருக்கு அனுப்பிய விலைப்பட்டியல் திரும்பி வந்தது. ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் எங்கள் ஐபி முகவரியை (இணையத்தில் நம் இணைப்பின் எண்ணை) சோதித்தபோது, அது ட்ரோஜன் பிடித்த கணினிகளுக்கான எக்ஸ்பிஎல் பட்டியலில் ஏறியிருந்தது தெரிந்தது. நீக்கும்படி அங்கேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் கணினியைச் சுத்தம் செய்யுமுன் விண்ணப்பித்தால் மீண்டும் ஏற்றிவிடுவார்கள். பிபிஎல் என்ற பட்டியலில் இருந்தால் கவலை வேண்டாம்; நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத வீட்டு இணைப்பு என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை.

சேர்க்கை 1: தேவகோட்டையில் அச்சகம் வைத்திருக்கும் வாசகர் ஒருவருக்கும் இதேபோல் கடிதங்கள் திரும்பி வந்திருக்கின்றன, ஆனால் முதல் படியில் 25 என்ற எண்ணே தென்படவில்லை, எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலும் வெறுமையாக இருந்திருக்கிறது. திரும்பி வந்த கடிதத்தின் தலைப்பு விவரங்களை அனுப்பச் சொல்லிப் பார்த்ததில், ரிசீவ்டு என்ற வரிகளில் அவருடைய ஐபி முகவரி எங்குமே இல்லை. அனுப்புநர் இடத்தில் அவர் பெயரை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தபால் உறையின் பின்புறம் யாருடைய முகவரியையும் எழுதலாமல்லவா? சொந்த டொமைன் வைத்திருப்போர் அஞ்சல் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளையும் அமைத்தால் இந்த ஆள்மாறாட்டம் பெரிதும் குறையும். ஆச்சியின் டொமைனில் முன்பு அவை இல்லை, இப்போது இருக்கின்றன.

சேர்க்கை 2: மால்வேர்பைட்ஸின் தளமே திறக்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்று போனால் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு இருக்கும். ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்களுக்கு முன்னால், இதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்று அதில் எழுதியிருந்தால், அந்த வரிகளை நீக்குங்கள். நோட்பேடை நிர்வாகியாகத் திறந்தால்தான் சேமிக்க முடியும். சேமிக்கும்போது நோட்பேட் தன் பங்குக்கு டிஎக்ஸ்டி என்ற வாலை ஒட்டிவிட்டால், பழைய கோப்பு மாறாமல் அப்படியே இருக்கும். எக்ஸ்ப்ளோரரின் வியூ பட்டியில் கோப்பின் வால்களைக் காட்டும் விருப்பத்தை இயக்கிவிட்டு, பெயரில் வால் இல்லை என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.