பழைய கல் லாயத்தில் சிமெண்ட் வேண்டாம்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் பழைய மாளிகைகளைச் சுற்றிக் குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, புறா மாடம் என்று கல் கட்டடங்கள் நிறைய உண்டு. அவற்றைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். போன வாரம் வேலைக்குப் புதிதாக வந்த பையன் லாயத்துச் சுவருக்குச் சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருபது வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் வந்தேன். இந்த வேலையில் செய்யக் கூடாதவற்றைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சிமெண்ட் பாயிண்டிங் (கல் இடுக்குகளைச் சிமெண்டால் பூசி அடைப்பது)

போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். அதற்கு முன் எழுந்த சுவர்களில் கல்லுக்கு நடுவே இருப்பது சுண்ணாம்புக் காரை. இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மழையைக் குடிக்கும். குடித்த ஈரம் காரை வழியாக ஆவியாகி வெளியேறும். காரை இருந்த இடத்தைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் ஈரத்துக்குக் கல்லை விட்டால் வேறு வழியில்லை. உப்பு கல்லின் முகத்தில் பூக்கிறது, குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைகிறது, கல் செதில் செதிலாக உதிர்கிறது.

நான் சிமெண்ட் வைத்த சுவரை மூன்று குளிர்காலம் கழித்துப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் கோடுகள் வலைபோல் துருத்தி நின்றன, நடுவே கற்கள் குழிந்திருந்தன. கட்டைவிரலால் தடவினேன், மஞ்சள் மாவாகக் கையோடு வந்தது. சிமெண்டைப் பெயர்த்தால் கல்லின் விளிம்பும் சேர்ந்தே பெயர்ந்தது. இருநூறு வருஷம் நின்ற கல்லை மூன்றே வருஷத்தில் கெடுத்துவிட்டேன். இன்றும் யாராவது "கொஞ்சம் சிமெண்ட் கலந்தால் சீக்கிரம் இறுகுமே" என்றால் எனக்குக் கோபம் வருகிறது. காரை கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். தேய்வதானால் காரை தேயட்டும், அதை மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

கல் இடுக்கிலுள்ள பழைய காரையை, இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் சுரண்டுங்கள். தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, காரையை அழுத்தித் திணியுங்கள். சற்று இறுகியதும் முரட்டுப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஈரச் சாக்கு போர்த்துங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் கரண்டியைத் தொடாதீர்கள்.

கிரைண்டர்

பழைய காரையைச் சுரண்ட இது வேண்டாம். உளி போதும்.

மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது

கல்லின் மேல்தோல் போனால் போனதுதான்.

"கொட்டகைதானே, அனுமதி எதற்கு?"

மாளிகை பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் கொட்டகைக்கும் பெரும்பாலும் அதே பாதுகாப்பு உண்டு. அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றுவது கிரிமினல் குற்றம். வௌவால் தங்கும் இடத்துக்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கூரையைத் தொடும் முன் விட்டத்தடியில் எச்சம் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கூரைக் கல்லைக் குவித்துப் போடுவது

ஓடுபோல் வேயும் இந்தக் கற்களுக்கு ஒரு வரிசை உண்டு: இறவாரத்தில் பெரிய பலகைக்கல், மேலே போகப் போகச் சிறியது, முகட்டில் மிகச் சிறியது. கழற்றும்போதே வரிசை வாரியாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலும் சுண்ணக்கட்டியால் எண் எழுதிவிடுங்கள்.