பழைய மஸ்டாங்கின் பின் ஆக்சிலில் சத்தமா? லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியலைக் குறை சொல்வதற்கு முன்

பனிக்காலம் முழுக்க மூடி வைத்திருந்த என் 1991 ஃபோர்ட் மஸ்டாங் ஜிடியை ஏப்ரலில் வெளியே எடுத்தேன். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, மளிகைக் கடை பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பியபோது பின்னாலிருந்து 'கடகடகட' என்று ஓர் அதிர்வு. கார் நேரானதும் நின்றுவிட்டது. பட்டறையில் காட்டினால், டிஃப்ரன்ஷியலையே, அதாவது திருப்பத்தில் பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதியையே, மாற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பேரிங்காகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, இரண்டு பக்க ஆக்சில் பேரிங்கையும் சீலையும் நானே மாற்றினேன். இரண்டு வார இறுதிகள் போயின, சத்தம் மட்டும் போகவில்லை. கடைசியில் அதைத் தீர்த்தது 118 மில்லி லிட்டர் கொண்ட ஒரு சின்னப் புட்டி.

அந்த இரண்டு வாரம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். காரை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், உங்கள் காரில் எது இருக்கிறது?

இந்தத் தலைமுறை மஸ்டாங் வி8 கார்களில் 1986 முதல் வருவது 8.8 அங்குல கிரவுன் (டிஃப்ரன்ஷியலைச் சுற்றும் பெரிய பற்சக்கரம்) கொண்ட ஆக்சில். ஹவுசிங்கின், அதாவது ஆக்சிலின் வெளிக்கூட்டின், பின்மூடியில் ஒரு போல்ட்டோடு சேர்த்துச் சின்னத் தகடு ஒன்று மாட்டியிருக்கும். அதில் 3எல்73 என்று இருந்தால் பல் விகிதம் 3.73, நடுவில் உள்ள 'எல்' லிமிடெட் ஸ்லிப்பைக் குறிக்கும், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாதபடி உள்ளே கிளட்ச் தட்டுகள் பிடிக்கும் வகை. என்னுடையது 3எல்08. தகடு தொலைந்திருந்தால், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப். எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃப்ரன்ஷியல், அல்லது உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்து தீர்ந்துபோன லிமிடெட் ஸ்லிப்.

சத்தம் எப்படி என்பதை விட, எப்போது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். சத்தத்தின் வகையையே கேட்டுக்கொண்டிருந்தேன். கடகடவா, மொரமொரவா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கேட்க வேண்டிய கேள்வி, அது எந்த நேரத்தில் வருகிறது என்பது.

கார் நேராகப் போகும்போது இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. அப்போது டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்களும் கிளட்ச் தட்டுகளும் ஒன்றோடொன்று உரசுவதில்லை, மொத்தமாக ஒரே கட்டியாகச் சுற்றுகின்றன. திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் சுற்ற வேண்டும். அந்த வேக வித்தியாசத்துக்காக அப்போதுதான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஆகவே நேர் சாலையில் வரும் சத்தத்துக்குக் கிளட்ச் தட்டுகள் காரணமாகவே இருக்க முடியாது. பேரிங் பழுதென்றாலோ நேர் சாலையிலும் கேட்கும். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பேரிங்கைத் தொட்டிருக்க மாட்டேன்.

இதை மனதில் வைத்து ஓட்டிப் பாருங்கள். குளிர்ந்த வண்டியில் சோதிக்க வேண்டாம், இருபது நிமிடமாவது ஓடி எண்ணெய் சூடேறட்டும்.

காலியான பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் இரண்டு பக்கமும் வட்டமடியுங்கள். கடகட என்று அதிர்ந்தால், ஓடுகிற ஓட்டத்திலேயே கிளட்ச் பெடலை மிதித்துப் பாருங்கள். சத்தம் குறைந்தாலும் மறையவில்லை என்றால் லிமிடெட் ஸ்லிப் தட்டுகள் மேல்தான் சந்தேகம். தட்டுகளுக்கு நடுவில் ஒரு 'எஸ்' வடிவ ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால், எஞ்சின் இழுக்காதபோதும் அவை பிடித்துப் பிடித்து விடும்.

அப்புறம் நெடுஞ்சாலை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, விட்டதும் சுருதி மாறினால் அது கிரவுன்-பினியன் பற்கள் (பினியன் என்பது கிரவுனைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரம்). மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் முனகல் ஆக்சில் பேரிங்காக இருக்கலாம். தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறியதும் சத்தம் மாறினால் அது டயர். மிதித்து விடும் நொடியில் 'டக்' என்று ஒரே ஒரு தட்டு விழுந்தால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டான யூ ஜாயிண்டையும், ஆக்சிலைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் புஷ்களையும் பாருங்கள்.

மொரமொர சத்தத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. என் விகிதம் 3.08 என்பதால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது பினியன் மூன்று சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். சத்தத்தின் துடிப்பு சக்கரத்தின் வேகத்தில் இருக்கிறதா, அதைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் இருக்கிறதா என்று கவனித்தால் ஆக்சில் பக்கமா, பினியன் பக்கமா என்று தெரியும். மெதுவான வேகத்தில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

உயிர் போகும் தவறு

ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போட்டுச் சத்தம் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரண டிஃப்ரன்ஷியலில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். லிமிடெட் ஸ்லிப்பில் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை போகும், கார் ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

எண்ணெய் மாற்றுதல்

மெதுவான, ஒடிந்த திருப்பத்தில் மட்டும் கடகட என்றால் எதையும் பிரிக்க வேண்டாம். முதல் வைத்தியம் எண்ணெய்.

நிரப்பும் துளையின் மூடியை முதலில் கழற்றுங்கள். பழைய எண்ணெயை வடித்த பிறகு அது துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஹவுசிங்கின் முன்பக்கம் இருக்கும் அந்த மூடியில் சதுரக் குழி இருக்கும், 3/8 அங்குல ராட்செட்டைச் சாக்கெட் இல்லாமல் நேராகச் செருகலாம்.

இந்த ஆக்சிலில் வடிக்கும் துளை கிடையாது. பின்மூடியின் பத்து போல்ட்டையும் தளர்த்தி, மேலே இரண்டை மட்டும் சில புரிகளில் விட்டுவிட்டு மற்றவற்றை எடுங்கள். மூடியின் கீழ் விளிம்பை மெல்ல நெம்பினால் எண்ணெய் கொட்டும். உள்ளே சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை இருந்தால் கவலை வேண்டாம், இவ்வளவு வயதான ஆக்சிலில் அது இயல்பு. உலோகச் சில்லுகளோ பல் உடைந்த துண்டோ கிடந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அது எண்ணெயால் தீரும் விஷயமில்லை.

இரண்டு பரப்பையும் பிரேக் கிளீனரால் துடைத்து, கறுப்பு ஆர்டிவி சிலிக்கோனை ஒவ்வொரு போல்ட் துளையின் உள்பக்கமாக வரும்படி ஒரே கோடாக இழுங்கள். எனக்குக் காகித கேஸ்கெட் பிடிக்காது, பழைய மூடிகள் கொஞ்சம் வளைந்திருக்கும், சிலிக்கோன்தான் அந்த இடைவெளியை நிரப்பும். தகட்டை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

இப்போது அந்தச் சின்னப் புட்டி. அதன் பெயர் ஃபிரிக்ஷன் மாடிஃபையர். கிளட்ச் தட்டு நின்ற நிலையிலிருந்து நகரத் தொடங்க அதிக விசை கேட்டு, நகர்ந்ததும் சட்டென்று வழுக்கினால், ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு அதிரும். நமக்குக் கேட்கும் கடகட அதுதான். இந்த மருந்து அந்த ஆரம்பப் பிடிப்பைக் குறைத்து, தட்டை ஒரே சீராக வழுக்க விடுகிறது.

முந்தைய இலையுதிர் காலத்தில் எண்ணெய் மாற்றிய பட்டறை இதைச் சேர்க்கவில்லை. பேரிங் மாற்றியபோது நானும் சேர்க்கவில்லை. வாங்கிய எண்ணெய்ப் புட்டியில் 'லிமிடெட் ஸ்லிப்புக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருந்ததால் அது போதும் என்று நம்பினேன். போதவில்லை.

மருந்தை முதலில் ஊற்றுங்கள், எண்ணெயை அப்புறம். ஹவுசிங் நிரம்பிவிட்டால் மருந்துக்கு உள்ளே இடம் இருக்காது. 4 அவுன்ஸ் புட்டி ஒன்று போதும். அளவு மீறினால் தட்டுகள் பிடிக்கவே மாட்டாமல், லிமிடெட் ஸ்லிப் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். பிறகு எண்ணெய், ஏறக்குறைய 1.8 லிட்டர், துளையின் கீழ் விளிம்புக்குச் சற்றுத் தாழ்வாக நிற்க வேண்டும். கார் சமதளத்தில் இருக்கட்டும். சாதாரணச் சாலைக்கு 80டபிள்யூ-90 மினரல் எண்ணெயே எனக்குப் போதும், விலை கூடிய சிந்தெடிக்கில் நான் வித்தியாசம் உணரவில்லை. ஒரு கைப்பம்பு வாங்கிக்கொள்ளுங்கள், படுத்துக்கொண்டு புட்டியைப் பிழிவது பெரும்பாடு.

எட்டுப் போடுங்கள்

எல்லாம் முடித்து ஓட்டினால் முதல் திருப்பத்திலேயே மறுபடியும் கடகட. எனக்கு மனசே விட்டுப்போனது. ஆனால் மருந்து எண்ணெயில் கலந்தால் மட்டும் போதாது, தட்டுகளுக்கு இடையே ஊற வேண்டும். வண்டியைச் சூடாக்கி, காலியிடத்தில் மெதுவாக எட்டு வடிவத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுப் போடுங்கள். எனக்கு ஏழாவது சுற்றில் மங்கத் தொடங்கி, அடுத்த நாள் சுத்தமாக நின்றது.

பிற்சேர்க்கை 1: எட்டுப் போட்டும் போகவில்லை என்று பின்னூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். அப்படியானால் தட்டுகளின் பிடிப்பை அளக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில், கைப்பிரேக் விடுவித்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். மற்ற மூன்றுக்கும் இரண்டு பக்கமும் கட்டை. தூக்கிய பக்கத்தை டார்க் ரெஞ்சால் சுற்றும்போது, நகரத் தொடங்க குறைந்தது 20 அடி-பவுண்டு கேட்க வேண்டும். அதற்கும் கீழே என்றால் தட்டுகள் தேய்ந்துவிட்டன. நல்ல செய்தி என்னவென்றால், இந்த ஆக்சிலில் தட்டுகளை மாற்ற டிஃப்ரன்ஷியலை வெளியே எடுக்க வேண்டியதில்லை, ஆகவே கிரவுன்-பினியன் இடைவெளியும் கலையாது. அந்த 'எஸ்' ஸ்பிரிங் மட்டும் கடும் இறுக்கத்தில் இருக்கும். கண்ணாடி போடாமல் தட்டி எடுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை 2: மாஸ்டா மியாட்டா வைத்திருக்கும் ஒருவர் இதே மருந்தை ஊற்றலாமா என்றார். ஊற்ற வேண்டாம். 1994-இல் 1.8 லிட்டர் எஞ்சினோடு வந்த மியாட்டாவில் லிமிடெட் ஸ்லிப் என்று வந்தது டார்சன், அதில் கிளட்ச் தட்டுகளே இல்லை. பற்சக்கரங்களின் உராய்வாலேயே அது பிடிக்கிறது, அந்த உராய்வை மருந்து குறைத்தால் பிடிப்பும் குறையும். அதற்கு முந்தைய 1.6 லிட்டர் கார்களில் வந்தது பிசுபிசுப்பான திரவத்தால் பிடிக்கும் விஸ்கஸ் வகை. அந்தத் திரவம் தனி அறைக்குள் அடைபட்டிருப்பதால், கியர் எண்ணெயில் எதை ஊற்றினாலும் அதற்குள் போய்ச் சேராது.