ரிக்வயர்மென்ட் வகைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: புதிய பிசினஸ் அனலிஸ்ட்டுகளுக்கு

பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு, அதாவது ஒரு நிறுவனத்துக்கு என்ன தேவை என்று கேட்டறிந்து எழுதித் தரும் வேலைக்கு, புதிதாக வருபவர்களிடம் ரிக்வயர்மென்ட் (தேவை) எத்தனை வகை என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வார்கள்: பிசினஸ், ஸ்டேக்ஹோல்டர் (மாற்றத்தில் பங்கு உள்ளவர் அல்லது அதனால் பாதிக்கப்படுபவர்), சொல்யூஷன் (தீர்வு), டிரான்சிஷன் (மாறும் காலம்). சொல்யூஷனுக்குள் ஃபங்ஷனல் (அமைப்பு என்ன செய்ய வேண்டும்), நான்-ஃபங்ஷனல் (அதை எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும்) என்று இரண்டு. பிசினஸ் அனலிஸ்ட்டுகளுக்கான சர்வதேச அமைப்பான ஐ.ஐ.பி.ஏ. 2015ல் வெளியிட்ட பாபாக் வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பில் உள்ள பிரிவுகள் இவை. சான்றிதழ் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு மனப்பாடமாகவே தெரியும். ஆனால் அவர்கள் எழுதிய ஆவணத்தைத் திறந்தால், ஒரே ஆளிடம் ஒரே கூட்டத்தில் கேட்ட பதில்தான் நான்கு தலைப்புகளின் கீழும் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான தவறுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வகையும் வேறொருவரிடம் போய்க் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். இருசக்கர வாகனக் கடன் தரும் ஒரு ஃபைனான்ஸ் நிறுவனம். கிளை மேலாளர் கேட்கிறார்: "பாக்கி லிஸ்டை எக்ஸெல்லில் இறக்கிக்க ஒரு பட்டன் வேணும்." அனலிஸ்ட் அதை அப்படியே எழுதுகிறார்: 'பயனர் பாக்கிப் பட்டியலை எக்ஸெல் கோப்பாகப் பதிவிறக்க முடிய வேண்டும்.' பார்வைக்கு ஒழுங்கான ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட். டெவலப்பர் சீக்கிரமே முடித்துக் கொடுப்பார், மேலாளரும் நன்றி சொல்வார். ஆனால், "இறக்கிய பிறகு அந்த ஃபைலை என்ன செய்வீர்கள் சார்?" என்று கேட்டிருந்தால் வேறு விஷயம் வெளியே வந்திருக்கும். தினமும் காலையில் அவர் பட்டியலைப் பகுதிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வசூல் ஊழியருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது முடிய பத்தரை மணி ஆகிறது. அதற்குள் கடன் வாங்கியவர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார். அன்று யாரைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் காலை எட்டு மணிக்கே ஊழியர் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான தேவை. பட்டன் என்பது அதற்கு மேலாளர் தானாக யோசித்து வைத்த ஒரு வழி. அந்த வழியைக் கட்டிக் கொடுத்தாலும் பத்தரை மணி பத்தரை மணியாகவேதான் இருக்கும்.

தீர்வைத் தேவையாக எழுதும் இந்தத் தவறு மேல்மட்டத்திலும் நடக்கும். 'நிறுவனம் புதிய வசூல் மென்பொருளை நடைமுறைப்படுத்த வேண்டும்' என்று பிசினஸ் ரிக்வயர்மென்ட் எழுதியிருப்பார்கள். அது தீர்வின் பெயர் மட்டுமே. '30 நாளைக்கு மேல் தவணை நிலுவையில் உள்ள கணக்குகளை அடுத்த மார்ச்சுக்குள் 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்க வேண்டும்' என்பது பிசினஸ் ரிக்வயர்மென்ட். இதில் மென்பொருள் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். இதைக் கிளை மேலாளரால் சொல்ல முடியாது. தலைமை அலுவலகத்தில், இந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போடுபவரிடம் கேட்க வேண்டும். அவராலும் சொல்ல முடியாவிட்டால், திட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அதுதான்.

பாபாக் சொல்லும் ஆறு அடிப்படைக் கருத்துகளுக்கு வருவோம்: மாற்றம், தேவை, தீர்வு, ஸ்டேக்ஹோல்டர், மதிப்பு, சூழல். இவற்றைத் தனித்தனி வரையறைகளாகப் படித்து விட்டுவிடுவது இன்னொரு தவறு. இவை ஒன்றோடொன்று கட்டப்பட்டவை, ஒன்று அசைந்தால் மற்ற ஐந்தையும் திரும்பப் பார்க்க வேண்டும். இதில் அதிகம் கைவிடப்படுவது சூழல். நம் உதாரணத்தில் சூழல் என்றால் முதலில் ரிசர்வ் வங்கி. தவணை பாக்கிக்காகக் கடனாளியைக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை வந்தது. மைக்ரோஃபைனான்ஸ் கடன்களுக்கு அது காலை 9 முதல் மாலை 6 வரை.

இது பிசினஸ் ரூல், அதாவது மென்பொருளே இல்லாமல் நோட்டும் பேனாவும் வைத்து வேலை பார்த்தாலும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் விதி. பலர் இதை ரிக்வயர்மென்ட்டுக்குள் கரைத்துவிடுகிறார்கள். அழைப்புத் திரைக்கான வரியில் ஒரு முறை, எஸ்எம்எஸ்ஸுக்கான வரியில் ஒரு முறை, ரிப்போர்ட்டில் ஒரு முறை என்று '8 முதல் 7' சிதறிக் கிடக்கும். நாளைக்கு அந்த நிறுவனம் மைக்ரோஃபைனான்ஸும் தொடங்கினால் எங்கெல்லாம் திருத்துவது? விதிகளைத் தனிப் பட்டியலாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, ரிக்வயர்மென்ட்டில் அந்த எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள்.

ஸ்டேக்ஹோல்டர் விஷயத்தில் நடக்கும் தவறு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கூட்டத்துக்கு வருபவர்களை மட்டும் கணக்கில் எடுப்பது. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று கணினி வழியாக வண்டிகளை அனுப்பும் முறைக்கு மாறியது. எந்த வண்டி எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்ற தகவல் எந்நேரமும் சரியாக வந்துகொண்டே இருக்கும் என்று நம்பிக் கட்டப்பட்ட அமைப்பு அது. வண்டிக்குள் பட்டனை அழுத்தி அந்தத் தகவலைத் தர வேண்டியவர்கள் ஆம்புலன்ஸ் ஊழியர்கள். தகவல் பிசகியது, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின, அழைத்தவர்கள் காத்திருந்தார்கள். மறுநாளே பாதி வேலையைக் கையால் செய்யும் முறைக்குத் திரும்பினார்கள். ஊழியர்களுக்கு அந்த அமைப்பின் மேல் நம்பிக்கையோ, அது நம்முடையது என்ற உணர்வோ இல்லை என்பதை 1993ல் வந்த விசாரணை அறிக்கை எடுத்துச் சொன்னது. நம் உதாரணத்தில் அந்த இடத்தில் இருப்பவர் வசூல் ஊழியர். ஒரு நாளாவது அவரோடு வண்டியில் போய் வாருங்கள். கிராமத்தில் சிக்னல் கிடைக்காது, தவணையைப் பாதி பாதியாகக் கொடுப்பார்கள், ரசீதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொல்வார்கள். இதெல்லாம் எந்த மீட்டிங்கிலும் வராது.

நான்-ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட்டை ஆவணத்தின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுவதுதான் அதிகம் சேதம் செய்யும் தவறு. 'வேகமாக இருக்க வேண்டும்', 'பாதுகாப்பாக இருக்க வேண்டும்', 'எளிதாக இருக்க வேண்டும்' என்று முந்தைய திட்டத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடுவார்கள். இதை வைத்து டெஸ்டர் எதைச் சோதிப்பார்? அளக்க முடிகிற மாதிரி எழுத வேண்டும்: 'மாதத்தின் 5ஆம் தேதி காலை 9 முதல் 11 மணி வரை, 400 ஊழியர்கள் ஒரே நேரத்தில் ரசீது போட்டாலும், ஒவ்வொரு ரசீதும் 3 விநாடிக்குள் பதிவாக வேண்டும்.' தேதியும் நேரமும் இதில் முக்கியம். ரயில் டிக்கெட் எடுக்கும் யாருக்கும் இது புரியும். தத்கால் முன்பதிவு ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், ஏசி அல்லாத வகுப்புக்கு 11 மணிக்கும் திறக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்ற சராசரியை வைத்து அந்த முதல் சில நிமிடங்களுக்குத் திட்டமிட முடியாது.

அதோடு, ஃபங்ஷனல் முடிவு ஒன்றே நான்-ஃபங்ஷனல் சிக்கலைக் கொண்டுவந்துவிடும். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. லட்சக்கணக்கானவர்கள் குவிந்தார்கள். முதல் நாளில் காப்பீட்டுக்குப் பதிவு செய்து முடித்தவர்கள் 6 பேர். பல காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, காப்பீட்டுத் திட்டங்களின் விலையைப் பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்ற ஏற்பாடு. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்களும் கணக்குத் தொடங்கும் அந்த ஒரே வாசலில் நெருக்கியடித்தார்கள். 'பயனர் முதலில் உள்நுழைய வேண்டும்' என்பது சாதாரண ஃபங்ஷனல் வரிதான். அதை எழுதும்போதே, எத்தனை பேர் ஒரே சமயத்தில் இங்கே வந்து நிற்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கடைசிப் பக்கத்துக்கு வரும்வரை காத்திருந்தால் கேள்வி தாமதமாகிவிடும்.

அப்புறம் டிரான்சிஷன். இது பழையதிலிருந்து புதியதற்கு மாறும் காலத்துக்கு மட்டும் தேவைப்படுவது, மாறி முடித்ததும் காலாவதியாகிவிடும். அதனாலேயே யாரும் சொந்தம் கொண்டாடுவதில்லை. 'டேட்டா மைக்ரேஷன் செய்ய வேண்டும்' (பழைய அமைப்பின் தரவைப் புதியதற்கு மாற்ற வேண்டும்) என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியில் நடந்ததை ஒவ்வொரு அனலிஸ்ட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் அந்த வங்கி, லாயிட்ஸ் குழுமத்தின் கணினி அமைப்பிலிருந்து தன் புதிய உரிமையாளரான ஸ்பெயின் வங்கி சபடெல் உருவாக்கிய தளத்துக்கு மாறியது. வாடிக்கையாளர்கள் 52 லட்சம் பேர். டேட்டா பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய தளம் தடுமாறியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. மைக்ரேஷன் என்ற ஒற்றை வரியை மட்டும் வைத்துப் பார்த்தால் அங்கே நடந்தது வெற்றிதான். எல்லோரையும் பெரும்பாலும் ஒரே மூச்சில் மாற்றுவதா, பகுதி பகுதியாகவா? தளத்தை நடத்தும் நிறுவனம் தயாராக இருக்கிறது என்பதை எதை வைத்து ஒப்புக்கொள்வது? மாறிய முதல் வாரம் எத்தனை அழைப்புகள் வரும், யார் எடுப்பார்கள்? தப்பாகப் போனால் எந்த நேரம் வரை பின்வாங்கலாம்? இவையும் டிரான்சிஷன் ரிக்வயர்மென்ட்தான்.

நம் ஃபைனான்ஸ் நிறுவனத்தில் இது இன்னும் சின்னச் சின்னதாக இருக்கும். மாறும் நாளில் ஊழியர்கள் கையில் பாதி பயன்படுத்திய ரசீதுப் புத்தகங்கள் இருக்கும். அவற்றை எந்தத் தேதியோடு நிறுத்துவது, கடைசி ரசீது எண்ணை யார் பதிவது? பழைய அமைப்பில் வாங்கிய தவணை புதியதில் இன்னும் ஏறவில்லை என்பதற்காக, பணம் கட்டியவர் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது. இதைக் கணக்குப் பிரிவில் பல வருடம் இருப்பவரிடம் கேளுங்கள், மளமளவென்று சொல்வார்.

முன்னுரிமையில் எல்லாவற்றுக்கும் 'கட்டாயம்' போடுவது பழைய வியாதி. 'முதல் வெளியீட்டில் இது இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையை எப்படிச் செய்வீர்கள்?' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்கும். சரிபார்ப்பிலும் ஒரு குழப்பம் உண்டு. வரி தெளிவாகவும் முழுமையாகவும் சோதிக்கத்தக்கதாகவும் எழுதப்பட்டிருக்கிறதா என்பது வெரிஃபிகேஷன். அது பிசினஸ் குறிக்கோளுக்கு உதவுமா என்பது வேலிடேஷன். முன்பு பார்த்த எக்ஸெல் பட்டன் வரி முதல் சோதனையில் தாராளமாகத் தேறிவிடும், இரண்டாவதில் தேறாது. அதனால் சைன்-ஆஃப் (ஒப்புதல் கையெழுத்து) வாங்குவதற்கு முன், ஒவ்வொரு ஃபங்ஷனல் வரிக்கும் எதிரே அது எந்த பிசினஸ் ரிக்வயர்மென்ட்டிலிருந்து வந்தது என்று எழுதிப் பாருங்கள். எதிரே எழுத எதுவும் கிடைக்காத வரிகளைக் கேட்டவரிடமே திரும்ப எடுத்துக்கொண்டு போய், அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள்.