ஹெச்-1பி ஆறு வருடக் கணக்கை நாமே போடுவது எப்படி?

ஹெச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவில் பொதுவாக ஆறு வருடம்தான் இருக்கலாம். அதில் வேலை பார்ப்பவர்களிடம் உங்கள் ஆறு வருடம் என்றைக்கு முடிகிறது என்று கேட்டால், பலர் பாஸ்போர்ட்டைத் திறந்து விசா ஸ்டாம்பிங்கைக் காட்டுகிறார்கள். நியூஜெர்சியில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுக் கொடுத்திருக்கிறேன். வக்கீல் பார்த்துக்கொள்வார், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று இதை விட்டுவிடாதீர்கள். எந்த நாளில் எங்கே இருந்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில் மூன்று தேதிகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பிங்கில் இருப்பது நாட்டுக்குள் நுழைவதற்கான கடைசித் தேதி, அவ்வளவுதான். இந்தத் தடவை எதுவரை தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற வருகைப் பதிவு. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகும் நிலையில் இருந்தால், விமான நிலையத்தில் ஐ-94 தேதியையும் அதோடு சேர்த்துக் குறைத்துவிடுவது உண்டு. அதனால் ஒவ்வொரு முறை வந்து இறங்கியதும் இணையத்தில் அதை எடுத்துப் பாருங்கள். மூன்றாவதுதான் நம் விஷயம்: ஆறு வருட வரம்பு முடியும் நாள். வக்கீல்கள் இதை 'மேக்ஸ் அவுட்' என்பார்கள்.

கணக்கு எங்கே தொடங்குகிறது? மாணவர் விசாவிலிருந்து இங்கேயே மாறியவருக்கு, ஹெச்-1பி நிலை அமலுக்கு வந்த நாள். பெரும்பாலும் அக்டோபர் 1. இந்தியாவிலிருந்து வந்தவருக்கு, ஹெச்-1பி-யில் வந்து இறங்கிய நாள். மனு அக்டோபரிலேயே அனுமதி பெற்று, ஆள் பிப்ரவரியில் வந்தால், இடைப்பட்ட மாதங்கள் கணக்கில் சேராது. படிப்பிலும், படிப்பை ஒட்டிய வேலைப் பயிற்சியான ஓபிடி-யிலும் போன காலம் சேராது. கணவர் அல்லது மனைவியோடு ஹெச்-4-ல் இருந்த காலமும் சேராது. ஆனால் கம்பெனி தன் வெளிநாட்டுக் கிளையிலிருந்து மாற்றி அனுப்பும் எல்-1 விசாவில் வேலை பார்த்த காலம் இந்த ஆறு வருடத்துக்குள் அடங்கும், கவனம். கம்பெனி மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, இப்போது வெளியே இருந்த நாட்கள். அமெரிக்காவுக்கு வெளியே கழித்த ஒவ்வொரு முழு நாளையும் திரும்பக் கேட்டு வாங்கலாம். இதைத்தான் 'ரீகேப்சர்' என்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனீர்களா, அம்மாவைப் பார்க்கப் போனீர்களா, ஆபீஸ் வேலையா என்ற கேள்வியே இல்லை. கனடாவுக்குப் போன வார இறுதிகூட, நடுவில் ஒரு முழு நாள் இருந்தால், கணக்குக்கு வரும். புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் மட்டும் கிடையாது; அன்றைக்குக் கொஞ்ச நேரமாவது இந்த மண்ணில் இருந்திருக்கிறீர்கள்.

ஓர் உதாரணம். 2023 டிசம்பர் 14 இரவு நியூவர்க்கில் விமானம் ஏறி, சென்னை போய், 2024 ஜனவரி 10 திரும்பி வந்து இறங்கியவருக்கு, டிசம்பர் 15 முதல் ஜனவரி 9 வரை 26 நாட்கள். சென்னையில் குத்திய வருகை முத்திரை டிசம்பர் 16 என்று காட்டலாம். அதற்காக ஒரு நாளை விட்டுவிடாதீர்கள். விமானத்தில் கழிந்த 15-ம் தேதியும் உங்களுக்கு உரியதே. அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை என்பதால், அந்த நாளைக் காட்ட போர்டிங் பாஸ் அல்லது டிக்கெட் வேண்டும்.

எக்செல்லில் ஒரு பயணத்துக்கு ஒரு வரி: புறப்பட்ட தேதி, வந்த தேதி, நாட்கள், ஆதாரம். ஐ-94 தளத்திலேயே பயண வரலாறு கிடைக்கும். அதில் சில பயணங்கள் விடுபட்டிருக்கலாம். முத்திரைகளோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

இந்த நாட்கள் எவ்வளவு பெரிய உதவி என்பது கிரீன் கார்டு வேலை தாமதமாகும்போதுதான் புரியும். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனுவுக்கு அனுமதி கையில் இருந்து, இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை நகரவில்லை என்றால், ஆறு வருடத்துக்கு மேலும் மூன்று மூன்று வருடமாக நீட்டிப்பு வாங்கலாம். ஐ-140 இன்னும் அனுமதியாகவில்லை என்றால், அதற்கு முந்தைய படியான பெர்ம் மனு (தொழிலாளர் துறையிடம் சான்று கேட்பது) போட்டு 365 நாட்கள் ஓடியிருந்தால் ஒவ்வொரு வருடமாக நீட்டலாம். ஒருவருக்கு 2019 அக்டோபர் 1-ல் கணக்கு தொடங்கியது என்று வையுங்கள். 2025 செப்டம்பர் 30-ல் ஆறு வருடம் முடிகிறது. கம்பெனி பெர்ம் போட்டதோ 2024 நவம்பர் 20-ல். வரம்பு முடியும்போது 365 நாள் ஆகியிருக்காது. ஆனால் அவர் ஊருக்குப் போய்வந்த வகையில் 94 முழு நாட்கள் சேர்ந்திருந்தால், வரம்பு 2026 ஜனவரி 2 வரை தள்ளிப்போகும். 365 நாள் அதற்குள் ஓடிவிடும், குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியிருக்காது. இதனால்தான் ஐந்தாம் வருடம் தொடங்குவதற்கு முன்பே கணக்கைப் போட்டு, பெர்ம் எப்போது என்று மேலாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு வருடம் முழுக்க வெளிநாட்டில் இருந்தால் புதிதாக ஆறு வருடம் கிடைக்கும். ஆனால் அதற்கு மறுபடி ஹெச்-1பி-க்கு ஆள் தேர்ந்தெடுக்கும் லாட்டரியில் பெயர் விழ வேண்டும்.

ரீகேப்சர் தானாக வராது. கேட்டால்தான் தருவார்கள், நிரூபிக்கும் பொறுப்பும் நம்முடையது. கம்பெனி ஹெச்-1பி நீட்டிப்புக்கான ஐ-129 மனு போடும்போது உங்கள் பட்டியலையும், முத்திரையுள்ள பாஸ்போர்ட் பக்கங்களையும், டிக்கெட்டுகளையும் வக்கீலிடம் கொடுத்து, இத்தனை நாட்களைச் சேர்த்துக் கேளுங்கள் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். அனுமதிக் கடிதமான ஐ-797 வந்ததும், கேட்ட நாட்கள் முழுதாகக் கிடைத்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம், பாஸ்போர்ட் புதுப்பித்த பிறகும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் சில வருடங்களின் முத்திரைகள் அதில்தான் இருக்கும்.