கான்டனீஸில் எந்த நன்றி, எப்போது?

கான்டனீஸ் என்ற சீன மொழி பேசும் ஹாங்காங்கில் காலெடுத்து வைத்ததும் காதில் அடிக்கடி விழும் சொல் ‘ம்கோய்’. நன்றி என்று பொருள் சொல்லித் தருவார்கள். பாதிதான் சரி. கதவைப் பிடித்துக்கொள்வது, தேநீர் கொண்டுவந்து வைப்பது என்று ஒருவர் நமக்காக ஒரு வேலை செய்தால் ம்கோய். பரிசு, விருந்து, பாராட்டு, புத்தாண்டில் சிவப்பு உறையில் வைத்துத் தரும் லைசீ பணம், இதற்கெல்லாம் ‘தோஜே’. பிறந்தநாள் பரிசை வாங்கிக்கொண்டு ம்கோய் சொன்னால், பார்சல் கொண்டுவந்தவரை வாசலோடு அனுப்பி வைப்பது போல இருக்கும்.

அதே ம்கோய் கூப்பிடவும் ஆகும். உணவகத்தில் பரிமாறுபவரை அழைக்க, கூட்டத்தில் வழி கேட்க, ஏதாவது வேண்டுமென்று கேட்க எல்லாவற்றுக்கும் அதுதான். மினிபஸ்ஸில் ‘யவ் லோக், ம்கோய்’ (இறங்கணும், நிறுத்துங்க) என்று குரல் கொடுத்தால் ஓட்டுநர் நிறுத்துவார். நமக்கோ நன்றியை வாய்விட்டுச் சொல்ல ஒரு கூச்சம்; கடையில் பொருளை வாங்கிக்கொண்டு தலையசைத்து வந்துவிடுவோம். அங்கே அதையே செய்தால் முரட்டு ஆள் என்று நினைப்பார்கள்.

அடுத்த தவறு, சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது. கான்டனீஸில் ஆறு தொனிகள்; குரல் ஏறி இறங்குவதைப் பொறுத்துப் பொருளே மாறும். ‘மாய்’ என்று எழுதிவைத்தால் வாங்குவதா விற்பதா? குரல் தாழ்வில் தொடங்கி மேலே ஏறினால் வாங்குவது. தாழ்வாகவே நின்றால் விற்பது. ‘தோங்’ உயரத்தில் நின்றால் சூப், கீழே இறங்கினால் சர்க்கரை. கான்டனீஸை ஆங்கில எழுத்துகளில் எழுத 1993-இல் வந்த ஜூட்பிங் முறையில் தொனிக்கு எண் போடுவார்கள்: வாங்க 5, விற்க 6. எண்ணோடு சேர்த்தே படியுங்கள்.

அப்புறம் நம் குற்றியலுகரம்! சாப்பிடுவதற்கான ‘சிக்’ நம் வாயில் ‘சிக்கு’ ஆகிவிடும். தொண்டையில் க் வந்ததும் ஒலியை அப்படியே நிறுத்த வேண்டும்.

‘யம்சா’ என்றால் சொல்லுக்குச் சொல் தேநீர் குடிப்பது. யாராவது அதற்கு அழைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். மேசை நிறைய டிம்சம் என்ற சிறுசிறு பலகாரங்கள் வரும்.

‘போறேன்’ என்னாமல் ‘போயிட்டு வரேன்’ என்கிறோமே, அந்த மாதிரி மங்கல வழக்கு அங்கேயும் உண்டு. ஈரலுக்கான ‘கோன்’ என்ற எழுத்து, ‘வறண்டது’ என்பதைப் போலவே ஒலிக்கும். கையில் காசு வறளலாமா? அதனால் ஈரப்பதத்தைக் குறிக்கும் ஒலியைக் கொண்டு ‘யொன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கறிக்கடையிலும் அப்படியே கேளுங்கள்.