சீமெந்து முற்றத்தில் கொச்சியும் கத்தரியும்

செடி வைக்க வாளி வாங்க முன்னம் கலண்டரைப் பாருங்கள். திருகோணமலையில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடை மழை சாடிகளை ஊறப்போட்டுவிடும். வைகாசி கழிந்தால் கச்சான் காற்று. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் தை முதல் சித்திரை வரை கிடைக்கிற காலம்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தோது. மார்கழிக் கடைசியில் விறாந்தை ஓரத்தில் நாற்றுப் போட்டால், மழை ஓய்ந்த கையோடு நடலாம். தக்காளி ஆசை உள்ளவர்கள் இதை மறக்கவே கூடாது. கச்சான் வெக்கையில் தக்காளி பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடும்.

எங்கள் வீட்டு முன்பக்கம் முழுக்கச் சீமெந்து. 2022 இல், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்தார்களே, அப்போது தொடங்கியது இது. லீவு நின்றுவிட்டது, வாளிகள் நிற்கவில்லை.

பெயின்ற் வாளியே போதும், நன்றாகக் கழுவி எடுங்கள். கொச்சிக்கும் (மிளகாய்) வெண்டிக்கும் 10 லீட்டர் வாளி, கத்தரிக்கும் தக்காளிக்கும் 20 லீட்டர். கீரைக்கு அகலமான பழைய பேசின் நல்லது. வாளிக்கு ஒரு செடிதான். பாவம் பார்த்து இரண்டை விட்டால் இரண்டுமே நோஞ்சான். ஆணியைச் சுடவைத்து அடியில் ஐந்தாறு துளை போட்டு, இரண்டு செங்கல்லின் மேல் வாளியைத் தூக்கி வையுங்கள். மத்தியானம் வெறுங்காலோடு சீமெந்தில் நின்று பாருங்கள், ஏன் என்று விளங்கும். கறுப்பு வாளியென்றால் சுற்றிச் சாக்கும் கட்டுங்கள்.

கடற்கரை மணல் வேண்டாம். மேல்மண், நன்கு மக்கிய மாட்டெரு, தேங்காய் மட்டைத் தும்புத்தூள் மூன்றும் சம அளவு. தும்புத்தூளில் உப்பு இருக்கும், அதனால் இரண்டு மூன்று தரம் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். கலந்த மண்ணை ஈரமாக்கி ஒரு பிடி அள்ளிப் பொத்துங்கள். உருண்டையாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் தும்புத்தூள் கூடிப்போச்சு. களிபோல ஒட்டினால் எருவும் தும்பும் இன்னும் கொஞ்சம் போடுங்கள். இந்த ஒரு வேலைக்கு அரை நாள் போனாலும் பரவாயில்லை, விதைக்கடையில் செலவழிக்கிற காசைவிட இதுதான் காய் தரும்.

விதைக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கொச்சியில் எம்.ஐ-2, தக்காளியில் திலின என்ற இனங்கள் கிடைத்தால் வாங்குங்கள்.

தண்ணீர் காலையில், அடித்துளையால் வழியும்வரை. ஒருநாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று ஊற்றினால் தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருக்கலாம். வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அந்த உப்புத்தான். மழைத்தண்ணீரோ குழாய்த்தண்ணீரோ நிறைய ஊற்றிக் கழுவிவிடுங்கள். வாளிக்குக் கீழே தட்டு வைக்கவே வேண்டாம், தேங்குகிற தண்ணீரில் நுளம்பு பெருகும். 2017 இல் கிண்ணியா டெங்கால் பட்ட பாடு நமக்குத் தெரியும்தானே.

கொச்சி இலை சுருண்டால் உடனே மருந்துக்கு ஓடாதீர்கள். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பூச்சி இருந்தால், ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரத் தண்ணீரும் கலந்து பின்னேரத்தில் அடியுங்கள்.

அப்புறம் மான். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் இருந்து டவுனுக்குள் திரிகிற மான்களுக்குக் கேற் திறந்திருந்தால் போதும், உங்கள் கீரைதான் அவற்றின் காலைச் சாப்பாடு. மீன்பிடிக்கிறவர்களிடம் கிழிந்த வலை கேட்டால் சும்மாவே தருவார்கள். நான்கு கம்பு நட்டு இடுப்பளவுக்கு மேலே கட்டுங்கள், முளை தெரிகிற அன்றே.